எழுவான்கரையின் குரலும் படுவான்கரையின் வாக்கும்

மட்டக்களப்பு வாவிக்குக் கரைகள் இரண்டு. சூரியன் எழுகின்ற பக்கத்துக் கரை எழுவான்கரை. படுகின்ற பக்கத்துக் கரை படுவான்கரை. இப்பெயர்களின் அழகினைப் பலர் வியந்து எழுதியுள்ளனர். ஆயின் படுவான்கரை என்னும் பெயர் எங்கு நின்று நோக்கியவரால் இடப்பட்டது என்பதனைச் சற்றே சிந்தித்தல் தகும். வெல்லாவெளியில் நின்று மேற்கே பார்ப்பவனுக்குச் சூரியன் தன் முற்றத்தில் படுவதில்லை. வயல்வெளிகளுக்கும் நவகிரிக் குளத்துக்கும் காட்டுக்கும் அப்பாலே அது மறைகின்றது. அவனுடைய ஊர் சூரியன் மறையும் இடமாகத் தோன்றுவது வாவியின் கிழக்கே நிற்பவர் கண்ணுக்கு மாத்திரமே. அப்படியாயின் எழுவான்கரை என்ற பெயரை மேற்கே நின்றவர் அல்லவா இட்டிருக்க வேண்டும் என எவரேனும் மறுக்கலாம். மறுக்கட்டும். பெயர் இட்டவர் யாராயினும், ஒரு கரை எழுவதாகவும் மற்றையது படுவதாகவும் கொள்ளும் வழக்கம் சூரியனோடு நின்றுவிடவில்லை என்பதே இங்கு கூற வேண்டியது.

எழுவான்கரை ஒரு நீண்ட, ஒடுங்கிய நிலத்துண்டு. கிழக்கே கடல், மேற்கே வாவி. இடையிலே பிரதான வீதி. கல்லடியிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்பவருக்குக் குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊர்கள் ஒன்றோடொன்று கைகோத்தாற்போல வந்து போகும். மதிலும் இரும்புப் படலையும் உடைய ஓட்டு வீடுகள், மாடிகள், வங்கிகள், தனியார் கல்வி நிலையங்கள், கோயிற் கோபுரங்கள் என்பனவே வீதியின் இரு மருங்கும். ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், பொறியியலாளர் இல்லாத குடும்பம் இவ்வீதியோரத்தில் அரிது. கடலை நெருங்க நெருங்க மீனவர் குடில்களும், களுதாவளையின் மணலில் வெற்றிலையும் மரக்கறியும் வளர்த்து முதுகு வளைந்தவர்களின் தோட்டங்களும் உள்ளன. எழுவான்கரை முழுவதையும் செல்வர் ஊர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எழுவான்கரை என்ற பெயரிற் பேசுகின்ற குரல், பொதுக்கூட்ட மேடையிலும் கோயிற் பரிபாலன சபையிலும் பத்திரிகைப் பத்தியிலும் ஒலிக்கின்ற குரல், பிரதான வீதியோரத்து மதில் வீடுகளின் குரலேயாகும். கட்டுரை நோக்குவதும் அக்குரலையே.

இம்மதில் வீடுகள் பலவற்றின் அத்திவாரம் வாவிக்கு மேற்கே இருக்கின்றது. பன்னெடுங்காலமாக எழுவான்கரையில் வாழ்ந்த போடிமாருக்கு வயல் படுவான்கரையிலே இருந்தது. விதைப்புக் காலத்திலும் வேளாண்மை வெட்டுக் காலத்திலும் போடியார் வாவியைக் கடந்து வந்து வயலோரத்து வாடியிலே தங்குவார். சூடு மிதித்து, பொலி தூற்றி, கூலியும் பங்கும் கொடுத்த பின் நெல் வள்ளத்தில் ஏறிக் கிழக்கே போகும், போடியாரும் போவார். பின்னாளில் பட்டிருப்புப் பாலம் நெல்லைச் சுமந்தது. அந்த நெல்லே களுவாஞ்சிகுடியில் மகளுக்குச் சீதன வீடாயிற்று. மகனுக்குக் கொழும்பிலோ பேராதனையிலோ படிப்பாயிற்று. தாய்வழியாகவே சொத்தினை வகுத்த பழைய முக்குவர் சட்டத்தின் நிழல் இன்றும் இக்கரையில் முற்றாக மறையவில்லையாதலின், வீடு மகளுக்குரியது என்பது இங்கு விவாதத்துக்கு இடமற்ற செய்தி. வயலும் பெரும்பாலும் அவ்வாறே மகளின் கைக்குச் சென்றது. வயலிலே நின்றவன் மாத்திரம் எவருடைய சீதன உறுதியிலும் எழுதப்படவில்லை.

வெல்லாவெளியில் அவ்வாறு நின்றவர்களுள் ஒருவர் இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்த முதியவர். அவருடைய தந்தையார் களுவாஞ்சிகுடிப் போடியார் ஒருவரின் வயற்காரராக இருந்தார். தந்தைக்குப் பின் மகன். வயலோரத்திலே மண் வீடு, இரவிலே பரணில் காவல், காட்டு யானைக்கு எதிராக ஒரு பந்தமும் ஒரு தகரப் பேணியும். போடியார் நல்ல மனிதர் என்றே முதியவர் இப்போதும் சொல்வார். களத்திலே தந்தையாரைப் போடியார் ‘மச்சான்’ என்றே அழைத்தார். குடிமுறைப்படி அவர்களுக்கிடையே அம்முறையும் பொருந்தியது. ‘மச்சான், இம்முறை மழை ஏய்த்துப்போட்டுது’ என்று வரம்பில் அமர்ந்து வெற்றிலை மாற்றிக்கொள்வார்களாம். அதே தந்தை தைப்பொங்கலுக்குப் புதிரும் தயிர்ச்சட்டியும் கொண்டு எழுவான்கரை வீட்டுக்குச் சென்றபோது, பின்படலையால் நுழைந்து மாமரத்தின் கீழ் நின்றார். அங்கே மச்சான் என்ற சொல் எழவில்லை. வாவியின் நடுவே எங்கோ அச்சொல் நீரில் விழுந்துவிடும் போலும். இரு கரைக்கும் குடி ஒன்றே, கோயில் ஒன்றே, கொக்கட்டிச்சோலைத் தேரின் வடம் ஒன்றே என்று நம்மவர் பெருமையோடு கூறுவர். அது பொய்யன்று. ஆனால் வடத்தைப் பிடித்த கைகள் மறுநாள் எங்கெங்கே சென்றன என்பதும் உண்மையே.

இனி அரசியல். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியபோது அது முன்வைத்த குறைகளுள் தலையாயது கிழக்கின் நிலம் பற்றியதாகும். கல்லோயாத் திட்டம் அவ்வாண்டிலேயே தொடங்கியது. காடு வெட்டிக் கழனியாக்கப்பட்ட நிலத்தில் யார் குடியேற்றப்படுவர் என்ற வினா மட்டக்களப்புத் தமிழரின் நெஞ்சைச் சுட்டது. வெல்லாவெளிக்குத் தெற்கிலும் மேற்கிலும் இன்றும் 35ஆம் கிராமம், 37ஆம் கொலனி, 39ஆம் கொலனி என எண்களையே பெயராகக் கொண்ட ஊர்கள் அத்திட்டத்தின் எச்சங்களாக நிற்கின்றன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1961இல் மட்டக்களப்புக் கச்சேரியின் முன்னே சத்தியாக்கிரகிகள் அமர்ந்தனர். எழுவான்கரை ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் எழுதுவினைஞரும் அதில் முன்னின்றனர். அவசரகாலச் சட்டம் வந்தது. கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். இவை சிறிய காரியங்கள் அல்ல. பதவி உயர்வை இழந்தும் மொழிக்காக நின்றவர்கள் இக்கரையில் இருந்தார்கள். அவர்களை ஏளனஞ் செய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. நிலத்தைப் பற்றி அத்துணை உரத்துப் பேசிய இயக்கம், அந்த நிலத்தைப் பிறர் கொள்ளலாகாது என்று பேசியதேயன்றி, அந்த நிலத்திலே கால் புதைத்து நிற்பவன் யார், விளைவில் அவனுக்கு எவ்வளவு என்பதைப் பற்றி அவ்வளவு உரத்துப் பேசவில்லை. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகையாளன் உரிமையாளனுக்குக் கொடுப்பது விளைவின் நாலிலொன்றை மேற்படலாகாது என வரையறுத்து, அவனை எழுப்ப முடியாதவாறு காப்பு வழங்க முற்பட்டது. சட்டம் வந்ததும் நாட்டின் பல பாகங்களிலும் நிகழ்ந்தது யாதெனில், குத்தகையாளர் பலர் எழுப்பப்பட்டுக் கூலியாட்களாக மாற்றப்பட்டமையாகும். வெல்லாவெளி முதியவரின் தந்தையாரும் அவ்வாண்டுகளிலேயே ‘பங்குக்காரர்’ என்ற நிலையிலிருந்து ‘சம்பளக்காரர்’ ஆனார். ‘சட்டம் நமக்கு நல்லது செய்ய வந்தது மனே, வந்த வழியில் நம்மைத் தட்டிப்போட்டுப் போயிற்று’ என்பது அத்தந்தையாரின் விளக்கம். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் நெற்காணிக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு விதித்தபோது, குடும்பத்தார் பெயர்களிற் பிரிந்திருந்த வயல்களை அது பெரிதும் தீண்டவில்லை.

இவற்றுக்கு இடையிலேதான் 1970 மே 27 வருகின்றது. பட்டிருப்புத் தொகுதியில் 1960 முதல் தமிழரசுக் கட்சியின் எஸ். எம். இராசமாணிக்கம் வெற்றி பெற்று வந்தார். கட்சியின் சின்னம் வீடு. எதிரே ஐக்கிய தேசியக் கட்சியின் யானை. முதியவருக்கு அப்போது இருபத்தொரு வயது. அதுவே அவருடைய முதல் வாக்கு. போடியாரின் உழவு இயந்திரப் பெட்டியில் வயற்காரர் அனைவரும் ஏற்றிச் செல்லப்பட்டனர். போடியார் சுருக்கமாகவே சொன்னார்: ‘வீட்டுக்குப் போடுங்க. அது நம்மட வீடு.’ வாக்குச் சாவடியின் அட்டைத் தடுப்புக்குப் பின்னே நின்ற இளைஞர் யானைக்கு நேரே புள்ளடியிட்டார்.

ஏன்? இவ்வினாவை அவரிடம் பலர் பலமுறை கேட்டுள்ளனர். ஆண்டு முழுவதும் தன் வேளாண்மையை அழிக்கின்ற யானைக்கு வாக்களித்தவர் என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பதும் உண்டு. ஐக்கிய தேசியக் கட்சியின் கொள்கை யாது என்று அவர் அன்றும் அறியார், இன்றும் அறியார். பணம் வாங்கவில்லை, எவரும் கொடுக்கவுமில்லை. அவர் கூறும் காரணம் ஒன்றே. அந்தத் தடுப்புக்குப் பின்னே தன் வாழ்நாளில் முதன்முறையாகப் போடியாரைக் கேளாமல் ஒன்றைச் செய்யக்கூடிய இடத்தில் தான் நிற்பதாக அவருக்குத் தோன்றியது. செய்து பார்த்தார்.

அவர் ஒருவரின் புள்ளடியால் தேர்தல் முடிவு மாறியிராது. ஆனால் பட்டிருப்பில் இராசமாணிக்கம் தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சியின் எஸ். தம்பிராசா வென்றார். எழுவான்கரையின் வீதியோரத்தில் அது துக்க வீடாயிற்று. படுவான்கரை விலைபோயிற்று, அறியாமையால் ஏமாந்தது, இன உணர்வு அற்றவர்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. தொகுதியின் வாக்குகள் எந்தக் கரையில் எவ்வளவு விழுந்தன என்று நிறுத்துப் பார்த்தவர் எவருமில்லை. எழுவான்கரையிலும் யானைக்கு வாக்குகள் விழுந்திருக்கவே வேண்டும். பழி மாத்திரம் நேரே மேற்கு நோக்கிச் சென்றது. இங்கே ஒரு சிறு நினைவூட்டல் அவசியம். 1965 முதல் 1968 வரை டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சி அமைச்சர் ஒருவரோடு பங்காளியாகவே இருந்தது. அவ்வாண்டுகளில் வீடும் யானையும் ஒரே முற்றத்தில் நின்றன. தலைவர்கள் யானையோடு சேர்ந்தால் இராஜதந்திரம். வயற்காரன் சேர்ந்தால் துரோகம். பின்னர் 1979இல், 1956 தொட்டு மட்டக்களப்பின் குரலாக விளங்கிய செ. இராசதுரையே யானையின் பக்கம் சென்று அமைச்சரானபோது, அதனை விளக்க எழுவான்கரைக்கு எத்தனையோ காரணங்கள் கிடைத்தன.

அவ்வாண்டு மாரி விதைப்புக்கு முன் போடியார் வெல்லாவெளிக்கு வந்தார். வாக்கு இரகசியமாதலின் யார் எதற்குப் போட்டார் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லோரையும் ஐயுற்றார். வயற்காரர் அறுவருள் மூவரை மாத்திரம் வைத்துக்கொண்டார். வீட்டுக்கே வாக்களித்திருந்த அயலவர் ஒருவர் வேலை இழந்தார். யானைக்கு வாக்களித்தவர் தப்பினார். அந்த அயலவரின் குடும்பம் பின்னர் கொலனி ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் முதியவர் இதனைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். அவர் வருந்துவது வாக்கைப் பற்றியன்று. அந்த அயலவரிடம் உண்மையைச் சொல்லாமற் போனது பற்றி. அயலவர் இறந்தும் இருபது ஆண்டுகளாகின்றன.

இந்நிலை மட்டக்களப்புக்கு மாத்திரம் உரியதன்று. 1793இல் நிலையான நிலவரித் திட்டம் வந்த பின், கல்கத்தாவிலே வாழ்ந்த வங்கத்து உயர்குடியினர் பலர் கிழக்கு வங்கத்துக் குத்தகையாளர் கொடுத்த வாரத்திலே படித்தனர், அறிவொளி பெற்றனர், 1905இல் சுதேசி இயக்கத்தைத் தலைமையேற்று நடத்தினர். அந்நியத் துணியை எரிக்க வாருங்கள் என்று அவர்கள் அழைத்தபோது கிழக்கு வங்கத்துக் குத்தகையாளர் பெரும்பாலும் வரவில்லை. வராதவர் மீது அவர்களுக்குக் கோபமே வந்தது. தாகூர் மாத்திரம் அக்கோபத்தைக் கடந்து பார்த்தார். 1916இல் வெளிவந்த ‘கரே பைரே’ நாவலில் சுதேசி இளைஞரின் ஆவேசத்துக்கு விலை கொடுப்பவன் ஏழை வியாபாரியே. நமது எழுவான்கரைக்கு அத்தகைய நாவலாசிரியர் இன்னும் வாய்க்கவில்லை.

1990இன் பின் வாவியே எல்லையாயிற்று. கிழக்கே இராணுவக் கட்டுப்பாடு, மேற்கே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாடு. போடிமார் பலர் தம் வயலுக்குச் செல்ல முடியாதவராயினர். சிலருக்குக் குத்தகை நெல் வந்தது, சிலருக்கு வரவில்லை. அக்காலத்தைப் பற்றி விரிவாக எழுத இப்பக்கங்கள் போதா. ஒரு நாளை மாத்திரம் குறிப்பிடலாம். 2001 டிசம்பர் 5 பாராளுமன்றத் தேர்தல். கட்டுப்பாடற்ற பகுதி வாக்காளருக்கு வாக்களிப்பு நிலையங்கள் இக்கரையிலே அமைக்கப்பட்டிருந்தன. அன்று காலை கடவைகள் மூடப்பட்டன. அடையாள அட்டையோடு புறப்பட்ட முதியவரும் ஊரவரும் நண்பகல் வரை வெயிலில் நின்று திரும்பினர். இவ்வாறு வாக்காளர் தடுக்கப்பட்டமை அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அன்று வெற்றி பெற்றவர்களின் ஊர்வலம் எழுவான்கரை வீதியில் வழக்கம்போலவே சென்றது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்தது. கல்லாறும் நாவலடியும் கல்லடியும் பட்ட துயர் அனைவரும் அறிந்ததே. போடியார் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே காலமாகியிருந்தார். அவருடைய இளைய மகளின் குடும்பம் கடலோரத்திலே வாழ்ந்தது. அலைக்குத் தப்பிய அவர்கள், உடுத்த ஈர உடையோடு உழவு இயந்திரம் ஒன்றில் ஏறிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, சிறு வயதில் ஒருமுறை மாத்திரம் கண்ட வயற்காரர் வீட்டைத் தேடி வெல்லாவெளிக்கு வந்து சேர்ந்தனர். முதியவர் தன் வீட்டின் உள்ளறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தன் குடும்பத்தோடு வைக்கோல் மாலிலே படுத்தார். பதினொரு நாட்கள். அந்த அம்மையார் ஒவ்வொரு நாளும் அழுதார் என்றும், ஆறாம் நாள் தாமே எழுந்து அடுப்படிக்கு வந்து தேங்காய் துருவினார் என்றும் முதியவரின் மனைவி கூறுவார்.

2007 மார்ச்சில் படுவான்கரை எழுந்து ஓடியது. எறிகணைகளின் கீழே பல்லாயிரவர் வாவியைக் கடந்து எழுவான்கரைப் பாடசாலைகளிலும் கோயில் முன்றல்களிலும் மரநிழல்களிலும் தஞ்சம் புகுந்தனர். முதியவரும் மனைவியும் மகளும் பேத்தியும் அந்த அம்மையாரின் படலையிலே போய் நின்றனர். அம்மையார் மறுக்கவில்லை. புதிதாகக் கட்டப்பட்ட வீட்டின் பக்கத்திலே வாகனம் நிறுத்தும் கொட்டில் இருந்தது. அதனைக் கூட்டிப் பாய் விரித்துக் கொடுத்தார். மூன்று வேளையும் சோறு வந்தது. பேத்திக்குக் காய்ச்சல் கண்டபோது அம்மையாரே ஆட்டோ பிடித்து ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார். தேநீர் மாத்திரம் தனியே வைக்கப்பட்டிருந்த சில்வர் பேணியில் வந்தது. ஒரு கரை உள்ளறையைக் கொடுத்தது, மற்றக் கரை கொட்டிலைக் கொடுத்தது என்று இதனைக் கணக்கெழுதி முடிப்பவர் இருக்கலாம். அக்கணக்கில் அந்தக் காய்ச்சல் இரவு சேராது. ஆயினும் பேணியும் மறையாது. இரண்டையும் ஒரே கையே கொடுத்தது என்பதுதான் எழுவான்கரையைப் புரிந்துகொள்வதில் உள்ள இடர்ப்பாடு.

போர் முடிந்த பின் மட்டக்களப்பில் ஒரு புதிய சொல்லாட்சி பரவியது. எழுவான்கரை உரிமைக்கு வாக்களிக்கும். படுவான்கரை அபிவிருத்திக்கு வாக்களிக்கும். 2008இல் கிழக்கு மாகாண சபைத் தேர்தலின் பின் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். 2020இல் விளக்கமறியலில் இருந்தவாறே மாவட்டத்தின் அதிகூடிய விருப்பு வாக்குகளோடு பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அத்தருணங்களிலும் 1970இன் அதே சொற்கள் மீண்டன: விலைபோயினர், கொங்கிறீற் வீதிக்கு மயங்கினர். அவ்வாக்குகளும் இரு கரைகளிலும் விழுந்தவையே என்பதை இம்முறையும் எவரும் நினைக்கவில்லை. வீதி உள்ளவன் வீதிக்கு மயங்குபவனை இகழ்தல் எளிது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நோயாளியை அவ்விடத்தில் ‘பாதை’யில் ஏற்றியே வாவியைக் கடத்த வேண்டியிருந்தது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் சென்றவர்கள், மோட்டார் சைக்கிளும் மாணவரும் மரக்கறிச் சாக்கும் நெருங்க நின்று காற்றுக்கு அஞ்சிக் கடப்பதனை அறிவர். பாலம் கேட்பது உரிமை அன்று, அபிவிருத்தி மாத்திரமே என்று வகுத்தவர் யார்? அவ்வாறு வகுத்தவர் பாலம் தேவைப்படாத கரையிலே இருந்திருத்தல் வேண்டும்.

2024 நவம்பர் 14 தேர்தலில் நாடெங்கும் தேசிய மக்கள் சக்தி அலைபோல் எழுந்து இருபத்தொரு மாவட்டங்களை வென்றபோது, மட்டக்களப்பு மாத்திரம் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தேர்ந்து, ஐந்து ஆசனங்களில் மூன்றை அதற்கு வழங்கியது. எழுவான்கரை இதனைத் தன் பெருமையாகக் கொண்டாடியது. கொண்டாட உரிமையுண்டு. ஆனால் மாவட்டத்தின் வாக்கு என்பது படுவான்கரையின் வாக்கும் சேர்ந்ததே. தோற்கும்போது மேற்குக் கரையின் அறியாமையாகவும் வெல்லும்போது கிழக்குக் கரையின் விழிப்பாகவும் அது எவ்வாறு மாறுகின்றது என்பது அரசியல் விஞ்ஞானத்துறை மாணவர்கள் ஆராயத்தக்க பொருள்.

பல்கலைக்கழகத்தினுள் இருந்துகொண்டு இதனைப் படிப்போர் தம்மையும் ஒருகணம் நோக்குதல் நலம். பல்கலைக்கழக அனுமதியில் மட்டக்களப்பு பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் மாவட்ட ஒதுக்கீடும் அதற்கு மேலதிகமான சலுகையும் அதற்கு உண்டு. அச்சலுகைக்குக் காரணமான பின்தங்கல் எங்கே உள்ளது? உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைத் தேடி மாணவர் கரை கடக்க வேண்டியிருந்த வெல்லாவெளியிலும் கொக்கட்டிச்சோலையிலும். அதன் பயன் பெரிதும் எங்கே சேர்கின்றது? தனியார் வகுப்புகள் நிறைந்த வீதியோரத்திலே. காலை ஏழு மணிக்குப் பட்டிருப்புப் பாலத்தில் நிற்பவர் ஆசிரியர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக மேற்கே செல்வதனைக் காணலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு அவை அதே வரிசையில் கிழக்கே திரும்பும். பழைய போடியார் விதைப்புக்கும் வெட்டுக்குமாவது வாடியில் தங்கினார்.

முதியவரின் பேத்தி உயிரியற் பிரிவில் படிக்க விரும்பிக் களுவாஞ்சிகுடிக்குச் சென்றாள். அந்த அம்மையாரின் வீட்டிலேயே தங்கினாள். மாலையில் வீட்டு வேலை, இரவில் படிப்பு. அம்மையார் அவளுக்குப் பழைய வினாத்தாள்களை வாங்கிக் கொடுத்தார். தன் பேரனின் தனியார் வகுப்புக் குறிப்புகளையும் கொடுத்தார், அவன் படித்து முடித்த பின். வெட்டுப்புள்ளிக்கு மிகச் சிறிய வித்தியாசத்தில் அவள் தவறினாள். அம்மையாரின் பேரன் தேறினான். அவள் இப்போது வெல்லாவெளிக்கு அண்மையில் முன்பள்ளி ஒன்றிலே கற்பிக்கிறாள். அவளுக்கு எவர் மீதும் கோபமில்லை என்று சொல்கிறாள். அதனை நம்புவதா என்பது கேட்பவர் பொறுப்பு.

2025 சிறுபோக வெட்டு முடிந்ததும் வெல்லாவெளி வயலை விற்பதென அம்மையார் குடும்பத்தினர் முடிவு செய்தனர். மூத்த மகள் இலண்டனில், இளையவர் கொழும்பில். வயல் எவருக்கும் வேண்டாததாயிற்று. முதியவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற வயல் அது. வாங்கும் சக்தி அவருக்கு இல்லை. விற்கும் எண்ணத்தை அவர்கள் அவருக்குச் சொன்னதும் கூடப் பிறிதொரு காரணத்துக்காகவே. நில அளவையாளர் வந்து நின்றபோது எல்லைக் கற்கள் எங்கே உள்ளன என்று உரிமையாளர் எவருக்கும் தெரியவில்லை. உறுதியில் ‘கிழக்கே மருதமரம், மேற்கே வாய்க்கால்’ என்றிருந்தது. மருதமரம் 1978 நவம்பர் 23 சூறாவளியிலேயே விழுந்துவிட்டது. வாய்க்கால் திசைமாறி இரண்டு தலைமுறையாயிற்று.

அம்மையாரின் மருமகன் தொலைபேசியில் அழைத்து, வந்து எல்லை காட்டித் தருமாறு கேட்டார். முதியவர் காலையிலேயே சென்றார். மரம் நின்ற பள்ளத்தை மண்வெட்டியால் கிளறி, உக்கிய வேரைக் காட்டினார். தூர்ந்த பழைய வாய்க்காலின் தடத்தில் நாணலை விலக்கி நடந்தார். தெற்கு வரம்பருகே பற்றைக்குள் அமிழ்ந்திருந்த கல்லைக் கையாலே தடவி எடுத்தார். அயல் வயற்காரர் பல ஆண்டுகளாக ஒன்றரை முழம் உள்ளே வந்திருப்பதையும் மறைக்காமற் சொன்னார். அளவையாளர் ஒவ்வொரு புள்ளியையும் குறித்துக்கொண்டார். நண்பகலில் வேலை முடிந்தது. படத்தில் எழுதுவதற்காக உரிமையாளர் பெயர்களை அளவையாளர் ஒவ்வொன்றாகக் கேட்டார்; மருமகன் சொல்லச் சொல்ல எழுதினார். முதியவர் வரம்பில் அமர்ந்து காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வாகனம் புறப்படுமுன் மருமகன் கண்ணாடியை இறக்கி, ‘வாங்குறவரிட்ட உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறன்’ என்றார்.